அடைக்கோழி வைத்துக் குஞ்சு எடுப்பது: பர்மா மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

குஞ்சு பொரிக்க மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கிறது? ரங்கூனிலேயே முறை வைத்துத்தான் விடுகிறார்கள். பெகு, தட்டோன் பக்கத்துக் கிராமங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்டிக்குள் 21 நாளும் ஒரே சூடு இருந்தாக வேண்டும். அதற்கு ஜெனரேட்டர் ஓட்டினால் குஞ்சு விற்ற காசு டீசலுக்கே சரியாகிவிடும். நாட்டுக்கோழிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது அடை உட்காரும், முட்டையைத் திருப்பும், குஞ்சு வந்த பிறகு மேய்க்கவும் செய்யும்.

ஆனால் ஒன்று. பொரிப்பதைக் கோழி பார்த்துக்கொள்ளும். பொரித்ததைக் காப்பாற்றுவதில் பாதிக்கு மேல் நம் கையில்தான் இருக்கிறது. பத்துக் குஞ்சு இறங்கிய வீட்டில் இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்றோ நான்கோதான் நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியிலும் முட்டையைவிடக் குஞ்சைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எந்த மாதத்தில் வைப்பது

தமிழ்நாட்டில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே பலர் குழம்புகிறார்கள். அங்கே ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காலம், அப்போது அடை வைக்காதே என்பார்கள். நமக்குக் கதை தலைகீழ். கீழ்ப்பர்மாவில் மே நடுவில் மழை பிடித்தால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் விடாமல் ஊற்றும். ரங்கூனில் ஒரு வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான். அக்டோபர் கடைசியில் வானம் வெளுத்துவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஈரம் குறைந்த, இதமான குளிர். கூடவே நெல் அறுப்பும் வருவதால் களத்தில் சிந்திய நெல், வயலில் வெட்டுக்கிளி, புழு பூச்சி என்று கோழிக்கு நல்ல மேய்ச்சல் காலம் அது.

ஆக நமக்கு ஐப்பசிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் நல்ல பருவம். மார்ச்சுக்குப் பிறகு வைத்தால் திஞ்சான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) சமயத்து வெயிலில் அடைக்கோழி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மழை நடுவில் பொரித்தால் நனைந்த குஞ்சு அன்றைக்கு ராத்திரியே போய்விடும். மண்டலே பக்கம் வறண்ட பூமி. அங்கே மழை அவ்வளவு பயமில்லை, வெயில்தான் எமன். அங்கே இருப்பவர்கள் மார்ச், ஏப்ரல், மே மாதங்களை மட்டும் தள்ளி வைத்தால் போதும்.

எந்தக் கோழியை நம்பலாம்

முட்டைக்கென்றே வளர்க்கும் பண்ணை இனங்கள் அடை உட்காராது. அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தெடுத்துவிட்டார்கள். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் தானே அடைக்கு வரும். முட்டை இடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டை விட்டு இறங்காமல் கிடக்கும். கையைக் கொண்டுபோனால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மாதிரிக் கரகரப்பாகக் கத்தும், கொத்தும். நெஞ்சு முடி உதிர்ந்து தோல் தெரியும். ஒரு நாளைக்கு ஒரே முறை, பெரிய உருண்டையாக, மூக்கைப் பிடிக்கிற நாற்றத்தோடு எச்சம் போடும்.

இதெல்லாம் தெரிந்த அன்றைக்கே நல்ல முட்டையை வைத்துவிடாதீர்கள். இரண்டு நாளைக்கு இரண்டு மூன்று சாதா முட்டையை அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் ராத்திரியும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நம்பலாம். ஏற்கெனவே ஒரு தடவை குஞ்சு எடுத்து வளர்த்த கோழி என்றால் யோசிக்கவே வேண்டாம். சண்டைக்கோழி இனத்துப் பெட்டைகளும் சிட்டகாங் வகைப் பெரிய கோழிகளும் உட்காரத்தான் செய்யும். ஆனால் கால் கனத்தில் முட்டையை உடைத்துவிடும், குஞ்சையும் மிதிக்கும். நடுத்தர உடம்பு, ஒன்றரை வீசைக்குள் (சுமார் இரண்டரை கிலோ) எடை உள்ள கோழிதான் என் தேர்வு.

அடை வைப்பதற்கு முன் கோழியைத் தூக்கிச் சிறகுக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் பாருங்கள். பேன், செல் (பொடி உண்ணி) இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள். மூன்று வாரம் ஒரே இடத்தில் உட்காரப் போகும் கோழியின் ரத்தத்தை அது உறிஞ்சிவிடும். தாங்க முடியாமல் கோழி பாதியில் எழுந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஜனங்கள் பேய் என்பார்கள், கண் திருஷ்டி என்பார்கள்.

முட்டை சேர்ப்பது

சேவல் இல்லாமல் கரு இல்லை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். புதிதாகச் சேவல் விட்டிருந்தால் பத்து நாள் பொறுத்து, அதற்குப் பிறகு இடும் முட்டையைச் சேருங்கள்.

முட்டை நடுத்தர அளவில், ஓடு வழவழவென்று இருக்க வேண்டும். ரொம்பப் பெரியது, சின்னது, கோணல், விரிசல் எல்லாம் சமையலுக்கு. அழுக்கு முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், கிருமி உள்ளே இறங்கும். லேசான மண் என்றால் காய்ந்த துணியால் துடைத்தால் சரி.

சேர்த்து வைக்கும் இடத்தில்தான் நம் ஊர் வெயில் விளையாடுகிறது. சுமார் 20 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல விழிக்கத் தொடங்கும். விழித்த கரு கோழியின் சூடு கிடைக்காமல் அரைகுறையாக நின்று செத்துவிடும். அதனால் குளிர்காலத்தில் ஒரு வாரம் வரை வைத்திருக்கலாம், வெயில் காலத்தில் நாலைந்து நாளுக்கு மேல் வேண்டாம். ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதன் மேல் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் துணி விரித்து முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். சட்டி வீட்டில் வெயில் படாத மூலையில் இருக்கட்டும். தினம் ஒரு முறை முட்டையை லேசாகச் சாய்த்து வைத்தால் போதும்.

எத்தனை வைப்பது? கோழி படுத்தால் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. சாதாரணமாக 10 முதல் 12. குளிர் அதிகமான மாதத்தில் ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டிமார் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள், 9, 11, 13 என்று. நானும் அப்படியே வைக்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

கூடு

கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீடுகளில் கீழ்த்தளம் காலியாகத்தான் இருக்கிறது, அங்கேயே வைக்கலாம் என்று தோன்றும். பகலில் சரி. ராத்திரியில் பாம்பும் பெருச்சாளியும் வரும் இடமும் அதுதான். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், மற்றக் கோழிகள் ஏறாத, அரையிருட்டான, மழைச்சாரல் அடிக்காத மூலைதான் வேண்டும். மூங்கில் கூடையோ அகலமான மண்சட்டியோ எடுத்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலும் ஆறிய சாம்பலும் கலந்து போட்டு, மேலே வைக்கோலைக் கசக்கி நடுவில் குழிவாக அமுக்குங்கள். ரொம்பக் குழிவாக இருந்தால் முட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏறும், தட்டையாக இருந்தால் ஓரத்துக்கு உருண்டு குளிர்ந்துவிடும். வைக்கோலுக்கு அடியில் ஒரு கைப்பிடி வேப்பிலையோ காய்ந்த புகையிலையோ போட்டால் செல் அண்டாது. சுருட்டு சுற்றும் வீடுகள் பக்கத்தில் இருந்தால் கழிவுப் புகையிலை கேட்டால் கொடுப்பார்கள்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று இரும்பு ஆணி, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் வைப்பது நம் வழக்கம். வைப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் இடிமழை நாளில் முட்டை கெடுவது பெரும்பாலும் ஒழுகலாலும், பயந்து எழுந்து போன கோழியாலும்தான். கூரையைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆணி வையுங்கள்.

கோழியை இருட்டிய பிறகு தூக்கிக் கொண்டுவந்து புதுக் கூட்டில் விடுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். எல்லா முட்டையிலும் கரியால் ஒரு கோடு போட்டு, ஒரே நேரத்தில் வையுங்கள். நாளை ஒன்று, மறுநாள் ஒன்று என்று சேர்த்தால் முதல் குஞ்சு வந்ததும் கோழி இறங்கிவிடும், மீதி வீண். கோடு இல்லாத முட்டை தென்பட்டால் வேறு கோழி வந்து இட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிடுங்கள்.

21 நாள்

தினம் ஒரு முறை, பெரும்பாலும் காலையில், கோழி தானே இறங்கும். தீனி, தண்ணீர், எச்சம், மண் குளியல் எல்லாம் முடித்து 15, 20 நிமிடத்தில் திரும்பிவிடும். அதுவரை முட்டை ஆறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். சில கோழிகள் பிடிவாதமாக இறங்கவே இறங்காது. அவற்றை நீங்களே தூக்கி வெளியே விட வேண்டும். தூக்குமுன் சிறகுக்குள் முட்டை மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடைக்கோழிக்குத் தவிட்டைவிட முழு நெல்லும் சோளமும் நல்லது, எச்சம் கெட்டியாக இருக்கும், கூடு நாறாது.

ஏழாம் நாள் ராத்திரி முட்டையை வெளிச்சத்தில் பார்க்கலாம். போன் டார்ச்சை உள்ளங்கைக்குள் மூடி, விரல் இடுக்கில் வரும் வெளிச்சத்தின் மேல் முட்டையின் மொட்டை முனையை வையுங்கள். நல்ல முட்டை என்றால் நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தி வலை போலப் பரவிய சிவப்பு நரம்புகளும் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதையும் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கரு கூடவில்லை. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு தொடங்கிச் செத்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும். பழுப்பு ஓடு என்றால் முதலில் சரியாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் விட்டுவிட்டு 14ஆம் நாள் மறுபடி பாருங்கள். அதற்குள் உயிருள்ள முட்டை, மேலே காற்றறை தவிர, முக்கால்வாசிக்கு மேல் இருட்டாகியிருக்கும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகளை அடை வைத்தால் இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. ஏழாம் நாள் கழித்ததுபோக மீதியை இரண்டு கோழிக்குள் அடக்கிவிட்டு, மூன்றாவதற்குப் புது முட்டை வைக்கலாம்.

வெயில் காலத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கூட்டுக்கு அடியில் உள்ள மணலை மட்டும் தினம் லேசாக நனையுங்கள், முட்டை நனையக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் கோழிக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பொரிக்கும் நாள்

18ஆம் நாளுக்குப் பிறகு கையை எடுத்துவிடுங்கள். 20ஆம் நாள் காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்ற சத்தம் வரும், கோழியும் அடித்தொண்டையில் மெதுவாகப் பதில் கொடுக்கும். முதல் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர அரைநாள் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இன்னும் வற்றாத ரத்த நரம்பு அறுந்து குஞ்சு செத்துவிடும்.

முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி இருக்கலாம். வெளியே வரும் முன் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். எனவே குஞ்சு பசியில் கத்துகிறது என்று கோழியைக் கிளப்பாதீர்கள். 22ஆம் நாளுக்குப் பிறகும் கீறல் விழாத முட்டைகளை வெதுவெதுப்பான நீரில் மெல்ல மிதக்கவிடுங்கள். உயிர் இருந்தால் தண்ணீர் அசையாமல் இருக்கும்போதே முட்டை மட்டும் ஆடும். அதைத் துடைத்துத் திரும்ப வையுங்கள். மீதியைப் புதைத்துவிடலாம்.

முதல் நான்கு வாரம்

பிறந்த குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். தாய் பக்கத்தில் இருக்கும்வரை அது தானாகக் கிடைக்கும். ஆனால் தாயின் பின்னால் நாள் முழுக்க ஓடிக் களைத்து, காலைப் பனியில் நனைந்து, பின்தங்கிய குஞ்சைக் காக்காய் தூக்கிக்கொண்டு போகும். இந்த இழப்பைப் பாதியாகக் குறைக்கப் பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) ஒன்று போதும். முதல் பத்து நாள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் போட்டு மூடி, பனி காய்ந்த பிறகு வெயிலும் நிழலும் கலந்த இடத்துக்கு மாற்றி மாற்றி வையுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது திறந்துவிடலாம். ராத்திரிக்கு எலி நுழையாத பெட்டி. சந்து ஒரு விரல் அகலம் இருந்தாலே எலி வரும்.

மூன்றாவது வாரத்திலிருந்து இன்னொரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளியில் கட்டி ஒரு சின்னக் கூண்டு செய்து, தீனியை அதற்குள் வையுங்கள். பெரிய கோழிகள் வெளியே நின்று கத்திக்கொண்டிருக்க, குஞ்சுகள் உள்ளே போய் வயிறாரத் தின்னும். கூண்டு செய்ய ஒரு மத்தியானம் ஆகும், அவ்வளவுதான். நான் பார்த்த அளவில் குஞ்சு தேறுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

தீனி விஷயத்தில் நாம் செய்யும் கஞ்சத்தனம் நொய்யரிசியோடு நிறுத்திக்கொள்வது. அதில் மாவுச்சத்து உண்டு, உடம்பு வளர்க்கும் சத்து போதாது. நொய் 5 பங்கு, தவிடு 2 பங்கு, கடலைப் புண்ணாக்கு 2 பங்கு, உப்பில்லாத மீன் தூள் 1 பங்கு என்று கலந்தால் குஞ்சுக்கு வேண்டிய அளவு வந்துவிடும். புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் தொடவே வேண்டாம், அந்த நஞ்சு குஞ்சின் ஈரலைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் வாங்கி வைத்த புண்ணாக்கை முகர்ந்து பார்த்துத்தான் போட வேண்டும். நாப்பி (உப்பில் ஊறிய மீன், இறால் விழுது), கருவாட்டுக் கழிவு எல்லாம் நம் வீடுகளில் நிறைய இருக்கும். மீன்தானே என்று குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள், உப்பு அதைக் கொன்றுவிடும்.

காசு செலவில்லாத நல்ல தீனி கரையான். பழைய மண்பானையில் வைக்கோல், காய்ந்த சாணி, கிழிந்த சாக்குத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் பானையைத் தூக்கிக் குஞ்சுகள் முன்னால் உதறுங்கள். தாய்க்கோழி ஒன்றைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டு, டொக் டொக்கென்று கூப்பிட்டு, மறுபடி எடுத்து மறுபடி போடும். நாலாவது தடவையில் குஞ்சு தானே கொத்தக் கற்றுக்கொண்டிருக்கும்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து சாகும்.

நோய்

வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் மருந்து கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, தெருவே காலியாகும். வருமுன் தடுப்பதுதான் வழி. வெயிலைக் கொஞ்சம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு விடுவது. குஞ்சுக்கும் ஒரு சொட்டு, சேவலுக்கும் ஒரு சொட்டு. நாலு மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். குஞ்சுக்கு எந்த வாரத்தில் தொடங்குவது என்று மருந்து கொடுக்கும் கால்நடைத் துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கலந்த மருந்தை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். ஒரு வீடு மட்டும் போட்டுப் பயன் குறைவு, தெருவில் எல்லாரும் ஒரே நாளில் போட்டால்தான் நிற்கும்.

மூன்றாவது வாரத்துக்கு மேல் குஞ்சு சிறகைத் தொங்கவிட்டு, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக் கழிச்சல். ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணிதான் அதற்குக் காரணம். தரையில் பரப்பிய உமியை மாற்றி, தரையைக் காயவைத்து, தண்ணீரில் ஆம்புரோலியம் மருந்து கலந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். மழைக்காலத்தில் கொசுவால் அம்மை வரும், கண்ணையும் அலகையும் சுற்றிக் கொப்புளம் கிளம்பும். அதற்கும் தடுப்பூசி உண்டு, சிறகுச் சவ்வில் குத்துவார்கள்.

திடீரென்று ஒரே நாளில் பல கோழி செத்தால் அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். 2006ல் பறவைக் காய்ச்சல் இந்த நாட்டுக்குள் வந்தது. கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, துறைக்குச் சொல்லிவிட்டு, ஆழமாகப் புதையுங்கள்.

வாத்து முட்டை, கடைக் குஞ்சு

வாத்து முட்டை வைத்தால் 28 நாள், மணிலா வாத்து என்றால் 35 நாள். அவ்வளவு நாள் உட்காரும் கோழிக்குத் தீனி கூடுதலாக வேண்டும். ஒரு நாள் வயதுக் குஞ்சை விலைக்கு வாங்கித் தாயோடு சேர்க்க நினைத்தால், அதன் சொந்தக் குஞ்சு பொரித்த ஓரிரு நாளுக்குள், நல்ல இருட்டில், சிறகுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். காலையில் எல்லாம் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும். பகலில் விட்டால் மண்டையில் கொத்தும்.

தாயைப் பிரிப்பது

கோழியின் போக்கில் விட்டால் இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் குஞ்சுகளோடு சுற்றும், அதுவரை முட்டை கிடையாது. ஆறு வாரத்தில் குஞ்சுக்கு இறகு மூடிவிடும், பிரித்துவிடலாம். தாயைத்தான் தூக்கிக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் விட வேண்டும், குஞ்சு பழகிய இடத்திலேயே இருக்கட்டும். நாலைந்து நாள் கத்தித் தீர்க்கும், அப்புறம் சேவல் பின்னால் போய்விடும்.

நவம்பர் முதல் வாரத்தில் அடை வைத்தால் அந்த மாதக் கடைசியில் குஞ்சு இறங்கும். ஜனவரி பொங்கலுக்கு முன்பே தாயைப் பிரித்துவிடலாம். நல்ல தீனி கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும், பிப்ரவரி கடைசியில் இரண்டாவது அடை. அந்தக் குஞ்சுகள் மார்ச் நடுவில் இறங்கினால் மே நடுவில் முதல் மழை விழும்போது எட்டு வாரம் தாண்டி முழு இறகோடு நிற்கும். மூன்றாவது தடவை அடைக்கு உட்காரும் கோழியைப் பஞ்சாரத்தில், அடியில் வைக்கோல் எதுவும் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில் நாலு நாள் அடைத்து வையுங்கள். அடை தெளிந்து எழுந்துவிடும், மழைக்காலத்துக்குச் சாப்பாட்டு முட்டையாவது கிடைக்கும்.